மாலை விளக்கும் ஒரு கதையும்

தமிழ் பேசத் தெரிந்தும் தமிழ் படிக்கத் தெரியாத ஒரு தலைமுறை நம் இல்லங்களில் வளர்ந்து வருகின்றது. வித்துராவிலும், நெடுமங்காட்டிலும், மலைச்சாரலில் உள்ள தோட்டங்களிலும் வாழும் நம்மவர் அனைவரும் இதனை அறிவர். அறிந்தும், "பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லித் தருவதில்லையே, நாம் என்ன செய்வது?" என்று பெருமூச்செறிந்து வாளாவிருக்கின்றோம். இவ்வினாவுக்கு ஒரு விடை உண்டு. பெரும் பொருட்செலவோ, அரசாங்கத்தின் அனுமதியோ அதற்குத் தேவையில்லை. நாள்தோறும் மாலை விளக்கு ஏற்றியபின் இருபது நிமிடம், ஒரு தமிழ்க் கதையைக் குழந்தைகளுக்கு வாய்விட்டு வாசித்துக் காட்டுவதே அவ்விடை. இம்மாதம் அதனைப் பற்றிச் சிறிது விரிவாகச் சிந்திப்போம்.

நாம் வாழும் இடத்தின் சிறப்பை முதலில் நினைத்தல் தகும். வானம் தெளிந்த நாட்களில் இவ்வட்டாரத்து மேடுகளில் நின்று கிழக்கே நோக்கினால் அகத்தியர் கூடம் தெரியும். 1868 மீட்டர் உயரமுள்ள அச்சிகரத்துக்குச் செல்வோர் வித்துராவைக் கடந்து, போனக்காட்டிலிருந்துதான் நடக்கத் தொடங்குகின்றனர். தமிழுக்கு இலக்கணம் வகுத்த முனிவர் அம்மலையில் உறைகின்றார் என்பது நம் முன்னோர் வழிவழியாகப் போற்றிய நம்பிக்கை. அம்மலையின் அடிவாரத்தில் வாழும் தமிழ்க் குழந்தை 'அகத்தியர்' என்னும் சொல்லைத் தமிழில் எழுதிக் காட்டினால் படிக்க இயலாமல் விழிக்கின்றது. இதனினும் வருந்தத்தக்கது வேறென்ன?

நம்மவர் இங்கு வந்து சேர்ந்த வரலாறு பலவகைப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயத் துரைமார் மலைகளில் தோட்டம் திறந்தபோது கொழுந்து பறிக்கத் தமிழ்ச் சீமையிலிருந்து தொழிலாளர் வந்தனர். பின்னர் வணிகத்துக்கும், கட்டட வேலைக்கும், உத்தியோகத்துக்கும் பலர் வந்தனர். 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. எல்லைக்கு இப்பால் நின்றோர் கேரளத்தின் மொழிச் சிறுபான்மையினர் ஆயினர். 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி கேரளத்தில் தமிழைத் தாய்மொழியாகக் கூறியோர் ஏறத்தாழ 5 இலட்சம் பேர். அதாவது நூற்றுக்கு ஒன்றரைப் பேர்.

தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஒவ்வொரு மாநிலமும் முயலவேண்டும் என்று அரசியலமைப்பின் 350-அ பிரிவு கூறுகின்றது. 1956ஆம் ஆண்டிலேயே சேர்க்கப்பட்ட பிரிவு அது. ஆயினும், ஒரு சிற்றூரில் தமிழ்க் குழந்தைகள் ஐவரோ பதின்மரோ சிதறியிருக்கும்போது, அவர்களுக்கென ஒரு வகுப்பு அமைதல் எளிதன்று. தலைநகரில் சாலைப் பகுதியில் தமிழ்ப் பள்ளி உண்டு. மலையடிவாரத்துக் குழந்தை அங்கு நாள்தோறும் சென்று வருதல் கூடுமோ? 2017ஆம் ஆண்டுச் சட்டத்தால் பத்தாம் வகுப்புவரை மலையாளம் கட்டாயப் பாடமாயிற்று. இதனை நாம் குறையாகக் கருதவேண்டியதில்லை. வாழும் நாட்டின் மொழியைச் செம்மையாகக் கற்றல் நம் கடமை. நமக்குச் சோறிடும் மண்ணின் மொழி அது. பள்ளி மலையாளத்தைக் கவனித்துக்கொள்ளட்டும். தமிழைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு இல்லத்தினுடையது என்பதே நாம் உணரவேண்டுவது.

படிக்கத் தெரியாமையால் என்ன நட்டம் என்று சிலர் கேட்கக்கூடும். இரயில் நிலையத்து முன்பதிவுச் சாளரத்தின் உட்புறம் அமர்ந்திருப்போர் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஊரிலிருந்து வந்த பாட்டனார், தாம் இறங்கவேண்டிய ஊரின் பெயரைத் தமிழில் எழுதிய துண்டுத்தாளைப் பேரனிடம் நீட்டுவார். பேரன் படிவத்தை ஆங்கிலத்தில் அழகாக நிரப்புவான். பாட்டனார் தந்த தாளை மட்டும் அவனால் படிக்க இயலாது. பாட்டனார் வாயால் சொல்ல, அவன் எழுதுவான். இன்று அவர் உடனிருந்து சொல்கின்றார். அவர் காலத்துக்குப்பின் வீட்டுப் பெட்டியில் கிடக்கும் கடிதங்களையும், நிலத்தின் பத்திரத்தையும், குலதெய்வக் கோயில் அழைப்பிதழையும் யார் படித்துச் சொல்வர்?

இதனினும் ஆழமான நட்டம் மற்றொன்று. எழுத்தறியாத மொழியைக் குழந்தை நாளடைவில் 'சமையலறை மொழி' என்று எண்ணத் தொடங்குகின்றது. அறிவுக்கும் கதைக்கும் வேறு மொழி, சோறு கேட்கவும் திட்டு வாங்கவும் தமிழ் என்றாகிவிடுகின்றது. பள்ளி வாயிலில் தாய் தமிழில் அழைத்தால் தோழர் முன்னிலையில் கூசுகின்றது. மொழியைத் தாழ்வாக எண்ணிய குழந்தை அம்மொழி பேசும் தாயையும் ஒருநாள் தாழ்வாக எண்ணாது என்பதற்கு என்ன உறுதி?

இனி, எழுத்துப் பலகையை நீட்டி 'அ, ஆ' என்று தொடங்குவதைவிடக் கதை வாசித்தலை ஏன் முதலில் வைக்கின்றோம் என்பதைக் கூறுவோம். தமிழ் எழுத்தின் இயல்பே இதற்குக் காரணம். மலையாளத்தில் ககர ஒலிகளுக்கு மட்டும் நான்கு எழுத்துகள் உண்டு. தமிழில் ஒரே ககரம். 'கண்' என்னும் சொல்லில் அது வல்லோசையாகவும், 'தங்கம்' என்பதில் மெலிந்தும், 'பகல்' என்பதில் மேலும் குழைந்தும் ஒலிக்கின்றது. எங்கே எவ்வாறு ஒலிப்பது என்பதை எழுத்து தனியே காட்டுவதில்லை, காது காட்டுகின்றது. மலையாள எழுத்து பழகிய சிறுவன் காதின் துணையின்றித் தமிழைப் படிக்கப் புகுந்தால், ஒவ்வொரு சொல்லிலும் இடறி விழுந்து, "இது கடினமான மொழி" என்று நூலை மூடிவிடுகின்றான். சொல்லை முன்பே செவியால் அறிந்தவனுக்கோ, எழுத்து பழைய நண்பனின் முகம்போல் தோன்றுகின்றது.

மற்றொரு காரணமும் உண்டு. நாம் பேசும் தமிழும் எழுதும் தமிழும் ஒன்றல்ல. வீட்டில் 'வந்துக்கிட்டிருக்கான்' என்கின்றோம். நூலில் 'வந்துகொண்டிருக்கிறான்' என்று இருக்கின்றது. தமிழ்நாட்டுக் குழந்தை வானொலியிலும், மேடையிலும், வகுப்பறையிலும் நூல்தமிழைக் கேட்டுக்கேட்டு இவ்விரண்டையும் இணைத்துக்கொள்கின்றது. நம் குழந்தைகளுக்கு அவ்வாய்ப்பு அரிது. அவர்கள் அறிந்தது பேச்சுத் தமிழ் ஒன்றே. நூல்தமிழ் அவர்களுக்கு ஏறத்தாழ ஓர் அயல்மொழி. அவ்விரு கரைகளுக்கும் இடையே பாலமாவது தாயின் குரலன்றி வேறில்லை. அக்குரலில் நூல்தமிழ் வரும்போது, குழந்தை அதனையும் தன் வீட்டு மொழி என்றே ஏற்றுக்கொள்கின்றது.

வாய்விட்டு வாசித்தல் நமக்குப் புதிய பழக்கமும் அன்று. குமரி மாவட்டத்திலும் திருவனந்தபுரத்தின் தென்பகுதியிலும் அய்யாவழி அன்பர்கள் 'அகிலத்திரட்டு அம்மானை'யை ஏடு வாசிப்பு என்னும் பெயரால் கூடியிருந்து வாசிக்கின்றனர். சாமிதோப்பில் இது 17 நாட்கள் நிகழும். எழுதப்படிக்க அறியாத முதியோரும் அவ்வாறு கேட்டே அந்நூலை நெஞ்சில் பதித்தனர். நம் மலையாள அண்டை வீட்டார் கர்க்கடக மாதம் முழுவதும் விளக்கின் முன்னமர்ந்து எழுத்தச்சனின் இராமாயணத்தை வாசிப்பதை நாம் ஆண்டுதோறும் கேட்கின்றோம். கண்ணூர் வட்டாரத்துப் பீடித் தொழிலாளர், தம்முள் ஒருவரைச் செய்தித்தாளும் நாவலும் வாசிக்கச் சொல்லி, அவர் இழக்கும் கூலியைத் தாங்கள் பகிர்ந்து ஈடு செய்தனர். கடல்கடந்த கியூபா நாட்டில் 1865ஆம் ஆண்டு முதலே சுருட்டுத் தொழிற்சாலைகளில் இவ்வழக்கம் இருந்தது. கையுழைப்பாளிகள் செவியால் கற்றவை கொஞ்சமல்ல.

நம் பாட்டிமாரைக் கேட்டுப் பாருங்கள். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950ஆம் ஆண்டு முதல் தொடர்கதையாக வந்தபோது, ஒரே பிரதியைச் சுற்றிக் குடும்பமே அமர்ந்து, ஒருவர் வாசிக்க மற்றவர் கேட்ட வீடுகள் எண்ணற்றவை. வந்தியத்தேவனை அவ்வாறு காதால் அறிந்தவர்களே பின்னர் எழுத்துக்கூட்டிப் படிக்கவும் முற்பட்டனர். 'அடுத்து என்ன ஆயிற்று?' என்னும் ஆவலைவிடச் சிறந்த ஆசிரியர் ஒருவரும் இல்லை.

இனி, செய்முறையைக் கூறுவோம்.

முதலாவது, நேரம் மாறாதிருத்தல் வேண்டும். உணவுக்கு முன்னோ, படுக்கைக்கு முன்னோ, ஒரு வேளையைக் குறித்துக்கொள்க. இரயில்வேயிலும், தோட்டத்திலும், மருத்துவமனையிலும் முறைவேலை பார்ப்போர் உள்ள வீட்டில் தாயும் தந்தையும் மாறிமாறி வாசிக்கலாம். வாசிப்பவர் மாறினும் வேளை மாறவேண்டாம்.

இரண்டாவது, குழந்தையை எதிரில் அமர்த்தாது அருகில் அமர்த்துக. எழுத்து அதன் கண்ணில் படவேண்டும். வாசிக்கும் வரியின் கீழ் விரலை மெல்ல நகர்த்துக. வாசிக்குமுன் நீங்கள் ஒருமுறை தனியே பார்த்துவைத்தல் நன்று. தடுமாறாமல், பாத்திரத்துக்கேற்பக் குரல் மாற்றி வாசிக்க அது உதவும்.

மூன்றாவது, இடையிடையே நிறுத்திப் பொருள் கேட்டுக் குழந்தையை வருத்தலாகாது. புரியாத சொல்லை அதுவே கேட்கும். கேட்டால் மலையாளச் சொல்லால் விளக்கினும் பிழையில்லை. 'மழை', 'வழி', 'புழு' போல இரு மொழிக்கும் பொதுவான சொற்கள் ஏராளம். ழகரத்தை ஒலிக்க நம் குழந்தைகளுக்குத் தனியே கற்பிக்கவும் வேண்டா. மலையாளப் பள்ளி அதனைக் காத்துக் கொடுத்திருக்கின்றது. 'நனைந்தது' என்பதில் வரும் இரு நகரங்களை மட்டும் சற்றுக் கவனித்துக் காட்டுக. மலையாளத்தில் அவ்விரண்டுக்கும் ஒரே எழுத்து.

நான்காவது, கேட்ட கதையையே மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர். பத்தாம் முறை கேட்கும்போதுதான் குழந்தை உங்களுக்கு முன்னே வரியைச் சொல்லத் தொடங்கும். அந்நாளே அதற்கு எழுத்தறிவிக்கத் தக்க நாள். கடைசி வரியை அதனிடம் விடுக. பின்னர்க் கடைசிப் பத்தியை. பின்னர் ஒரு பக்கத்தை. மூத்த குழந்தை இளைய குழந்தைக்கு வாசிக்கும் நிலை வந்துவிட்டால், உங்கள் வேலை பாதி முடிந்தது.

இருபது நிமிடத்தில் என்ன ஆகிவிடும் என்போருக்கு ஒரு சிறு கணக்கு. நிதானமாக நிமிடத்துக்கு 80 சொற்கள் வாசித்தாலும் நாளொன்றுக்கு 1,600 சொற்கள். ஆண்டொன்றுக்கு 5,84,000 சொற்கள். ஐந்து வயதில் தொடங்கிப் பத்து வயதுவரை இது நடந்தால், அக்குழந்தை கேட்கும் நூல்தமிழ் 29 இலட்சம் சொற்களைத் தாண்டும். எந்தத் தனிப்பயிற்சி வகுப்பு இதனைத் தரவல்லது?

"எங்களுக்கே தமிழ் எழுத்துத் தெரியாதே" என்று வருந்தும் பெற்றோரும் நம்மிடையே உளர். அவர்கள் மனம் தளரவேண்டா. கதை சொல்ல எழுத்து எதற்கு? பாட்டி சொல்லும் பேய்க்கதையும், பாட்டனார் சொல்லும் ஊர்க்கதையும் அச்சிட்ட கதைகளுக்கு எவ்வகையிலும் தாழ்ந்தவையல்ல. இடைசெவல் கிராமத்தில் 1923ஆம் ஆண்டு பிறந்த கி. ராஜநாராயணன் அத்தகைய கதைகளைத் தேடித் தொகுத்தே தமிழுக்குப் பெரும் புதையல் சேர்த்தார். எழுத்தறிந்த அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவரை வாரம் ஒருநாள் அழைத்து, நான்கு வீட்டுக் குழந்தைகளை ஒரு திண்ணையில் கூட்டி வாசிக்கச் செய்தாலும் போதும். ஊரிலுள்ள பாட்டியை ஒரு கதை வாசித்துக் கைபேசியில் பதிந்து அனுப்பச் சொன்னால், கேட்கும் பேரனுக்கும் இன்பம், அனுப்பும் பாட்டிக்கும் இன்பம். பெருங்கேடு என்று நாம் அஞ்சும் கைபேசியை இவ்வாறு நல்வழிக்கும் திருப்பலாம்.

எந்த நூல்களை வாசிப்பது? முற்காலத்தில் 1947ஆம் ஆண்டு தொடங்கிய 'அம்புலிமாமா'வும், அழ. வள்ளியப்பா ஆசிரியராயிருந்து 1972ஆம் ஆண்டு தொடங்கிய 'கோகுலம்' இதழும் வீடுதோறும் கதை கொணர்ந்தன. இன்று அவை அச்சில் வருவதில்லை. எனினும், பழைய தொகுதிகள் சில வீடுகளில் இருக்கக்கூடும். தூசி தட்டி எடுங்கள். வாண்டுமாமாவின் கதைகள் இன்றும் நூல்வடிவில் கிடைக்கின்றன. திருவனந்தபுரம் மகளிர் கல்லூரியில் தமிழ் கற்பித்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளையின் குழந்தைப் பாடல்கள், கதை கேட்கப் பொறுமையில்லாத மழலைகளுக்கு ஏற்றவை. 2015ஆம் ஆண்டு பிரதம் புத்தக நிறுவனம் தொடங்கிய 'ஸ்டோரிவீவர்' தளத்தில் படங்களோடு கூடிய தமிழ்க் கதைகள் பலவற்றைக் காசின்றிப் பெறலாம். அதே கதை மலையாளத்திலும் இருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வாசித்துப் பார்க்கலாம்.

நமக்கென்றே அமைந்தவை போன்ற நூல்களும் உள. யூமா வாசுகி மலையாளத்துச் சிறுவர் இலக்கியம் பலவற்றைத் தமிழாக்கியவர். 'தன்வியின் பிறந்தநாள்' நூலுக்காக 2024ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றவர். 'ஆதனின் பொம்மை'க்காக 2023ஆம் ஆண்டு அதே விருதைப் பெற்ற உதயசங்கரும் மலையாளத்திலிருந்து பல நூல்களைத் தந்தவர். பள்ளியில் மலையாளத்தில் படித்த கதையை வீட்டில் தமிழில் கேட்கும் குழந்தை, இரு மொழியும் தனக்கே உரியவை என்னும் பெருமிதம் கொள்ளும்.

"தமிழைப் படித்தால் மலையாளத்தில் மதிப்பெண் குறையாதோ?" என்பது பலருடைய அச்சம். படித்தல் என்னும் திறன் ஒரு மொழியில் வேரூன்றினால் மற்றொரு மொழிக்கும் அது கைகொடுக்கும். கதையின் போக்கை ஊகிப்பதும், நீண்ட வாக்கியத்தின் முடிச்சை அவிழ்ப்பதும் எம்மொழிக்கும் பொதுவான பயிற்சிகள். சான்று வேண்டுமாயின் சுந்தர ராமசாமியை நினைப்போம். இளமையைக் கோட்டயத்தில் கழித்து, பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் வடமொழியும் பயின்ற அவர், பதினெட்டாம் வயதில்தான் தமிழ் எழுதப் படிக்கக் கற்றார். அவரே பிற்காலத்தில் தமிழின் தலைசிறந்த எழுத்தாளருள் ஒருவராகி, தகழியின் 'செம்மீன்' நாவலையும் தமிழுக்குத் தந்தார். சாலைக் கடைத்தெருவில் கடை நடத்திக்கொண்டே அத்தெருவின் மாந்தரைக் கதைகளாக்கிய ஆ. மாதவன், 2015ஆம் ஆண்டு சாகித்திய அகாதெமி விருது பெற்றார். இரு மொழிகளுக்கிடையே வாழ்தல் வறுமையன்று, இரட்டைச் செல்வம்.

ஒரு மொழி ஒரு தலைமுறைக்குள் நழுவிப்போவதும் உண்டு. முயன்றால் மீள்வதும் உண்டு. நியூசிலாந்தின் மாவோரி மக்கள் தம் மொழி முதியோரோடு மறையும் நிலையை உணர்ந்து, 1982ஆம் ஆண்டு 'மொழிக்கூடு' என்னும் பொருள்படும் 'கோகங்கா ரேயோ' பள்ளிகளைத் தொடங்கினர். பாட்டன்மாரும் பாட்டிமாரும் மழலைகளோடு அமர்ந்து, பேச்சாலும் பாட்டாலும் கதையாலும் மொழியை ஊட்டினர். நம் அருகிலேயே, இம்மலைகளின் பழங்குடியினரான காணிக்காரர்களின் பேச்சும் பாட்டும் முதியோர் நாவிலேயே தங்கியுள்ளன. அவற்றைக் காக்கவும் கேட்கும் செவிகளே வேண்டும். நம் திண்ணை வாசிப்புக்கு அவர்களுடைய பெரியோர் ஒருவரை அழைத்து அவர்கள் கதையைக் கேட்பது, நாம் செய்யக்கூடிய நல்ல அண்டைவீட்டுக் கடமை.

சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கின்றோம். கேரளம் வாசகசாலைகளின் நாடு. பி. என். பணிக்கர் 1945ஆம் ஆண்டு அம்பலப்புழையில் 47 நூலகங்களை ஒன்றுசேர்த்துத் தொடங்கிய இயக்கத்தின் பயனாக, இன்று சிற்றூர்களிலும் நூலகம் உண்டு. அவர் மறைந்த ஜூன் 19ஆம் நாளை 1996ஆம் ஆண்டு முதல் இம்மாநிலம் வாசிப்பு நாளாகக் கொண்டாடுகின்றது. நம் ஊர் வாசகசாலையாரை அணுகி, தமிழுக்கு ஒரு அலமாரித் தட்டைக் கேட்போம். நூல்களை நாமே வாங்கி வைப்போம். அடுத்த ஜூன் 19 அன்று அதே வாசகசாலையில் மலையாளக் கதைக்குப்பின் நம் குழந்தை ஒன்று எழுந்து ஒரு தமிழ்க் கதை வாசிக்க இடம் கேட்போம். இரண்டாவதாக, ஊருக்குச் சென்று திரும்பும் ஒவ்வொருவரும் பலகாரப் பொட்டலத்தோடு ஒரு சிறுவர் நூலையும் கொணர்தல் வேண்டும்.

இவை அனைத்தும் பின்னர் நடக்கட்டும். இன்றிரவு நடக்கவேண்டியது ஒன்றே. இவ்விதழைப் படித்து முடித்தபின், வீட்டில் கிடக்கும் ஏதேனும் ஒரு கதைநூலை எடுங்கள். நூல் இல்லையேல் நினைவிலுள்ள ஒரு கதையை எடுங்கள். குழந்தையை அருகில் அழைத்து, "ஒரு ஊரிலே ஒரு ராஜா" என்று தொடங்குங்கள். எஞ்சியதைத் தமிழே பார்த்துக்கொள்ளும்.